வாங்கினான், வாங்கினால்: ஏலமலையிலிருந்து ஸ்பானிய மொழிக்கு ஒரு நேர்வழி

இடுக்கி மலையின் உடும்பஞ்சோலை வட்டத்தில் எந்தப் பேச்சும் கடைசியில் ஏலக்காய் விலையில்தான் போய் நிற்கும். நெடுங்கண்டம், சாந்தன்பாறை, வண்டன்மேடு என்று எங்கே விளைந்த காயானாலும் புற்றடியிலோ, மலைக்குக் கீழே போடிநாயக்கனூரிலோ நடக்கும் ஏலத்தில்தான் அதன் விலை தெரியவரும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட விலை, அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. இந்த ஏற்ற இறக்கத்தில் கடலுக்கு அப்பால் உள்ள ஒரு நாட்டுக்கும் பங்கு உண்டு. ஏலக்காய் ஏற்றுமதியில் இன்று உலகில் முதலிடம் குவாத்தமாலாவுக்கு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியக் காப்பித் தோட்டக்காரர்கள் கொண்டுபோய் நட்ட செடி அங்கே அல்தா பெராபாஸ் மலைகளில் பரவி, சிறு விவசாயிகளின் பயிராகிவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கெக்சி மொழி பேசும் மாயா மக்கள். சந்தைக்கும் அரசு அலுவலகத்துக்கும் அவர்களுக்கு வேண்டியிருப்பது ஸ்பானியம். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசும் உடும்பஞ்சோலைத் தொழிலாளிக்கு இந்த நிலைமை புதிதல்ல. இரண்டு மலைகளிலும் விவசாயி மனத்தில் ஓடும் வாக்கியமும் ஒன்றே: விலை ஏறினால் விற்போம். அதைக் குவாத்தமாலாக்காரர் ஸ்பானியத்தில் சொல்லும்போது, உலகெங்கும் ஸ்பானியம் கற்பவர்கள் மிகவும் அஞ்சும் ஒரு வினை வடிவத்தைச் சர்வசாதாரணமாகப் பயன்படுத்துகிறார்: சி சுபியெரா எல் பிரெசியோ, பெந்தெரியாமோஸ்.

அந்தச் 'சுபியெரா'தான் இந்தக் கட்டுரையின் பொருள். ஆங்கில வழிப் பாடநூல்கள் இதை இம்பெர்ஃபெக்ட் சப்ஜங்டிவ் என்று அழைக்கின்றன. நடந்ததாகவோ நடப்பதாகவோ உறுதி சொல்லாமல், நினைப்பில் மட்டும் நிறுத்திப் பேசும் வினை என்று அதற்குப் பொருள் சொல்லலாம். இந்த வடிவம் பெரும்பாலும் பாடத்திட்டத்தின் பின்பகுதியில், கற்பவர் ஏற்கெனவே களைத்துப்போன இடத்தில் வருகிறது. ஏகப்பட்ட பட்டியல்கள், விதிவிலக்குகள், தமிழில் இணையே இல்லை என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்து பலரை அங்கேயே நிறுத்திவிடுகின்றன. என் கருத்து இதற்கு நேர்மாறானது. இந்த வடிவத்தைக் கட்டும் முறை தமிழரின் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போவதால்தான் அது கண்ணில் படுவதில்லை. தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி வழி நாம் நடந்து பழகியது. மீதிப் பாதியில் தமிழ் கைகொடுக்காது. அது எந்த இடம் என்பதையும் தமிழ் வழியாகவே தெளிவாகப் பார்க்க முடியும்.

முதலில் கட்டுமானம். ஸ்பானிய வினைகள் அகராதியில் ஆர், எர், இர் என்ற மூன்று முடிவுகளில் ஒன்றோடு நிற்கும். ஏல வணிகத்துக்கு ஏற்ற மூன்றை எடுத்துக்கொள்வோம்: கொம்ப்ரார் என்றால் வாங்குதல், பெந்தெர் என்றால் விற்றல், சுபிர் என்றால் ஏறுதல். மூன்றும் ஒழுங்கான வினைகள். கொம்ப்ராரில் வரும் ப் 'அப்பா'வில் வருவது போல வலிந்தும், மற்ற இரண்டிலும் வரும் ப 'கம்பு' என்பதில் வருவது போல மெலிந்தும் ஒலிக்கும். இவற்றின் இறந்தகாலப் படர்க்கைப் பன்மை கொம்ப்ராரோன், பெந்தியெரோன், சுபியெரோன்: வாங்கினார்கள், விற்றார்கள், ஏறினார்கள். இப்போது கடைசி 'ரோன்' என்பதை எடுத்துவிட்டு 'ரா' என்பதைச் சேர்த்தால் கொம்ப்ராரா, பெந்தியெரா, சுபியெரா. வேலை அவ்வளவுதான். நான் என்றாலும் அவர் என்றாலும் கொம்ப்ராரா. நீ என்றால் கொம்ப்ராராஸ். நாம் என்றால் கொம்ப்ராராமோஸ். அவர்கள் என்றால் கொம்ப்ராரான். ஸ்பெயினில் நீங்கள் என்று பலரை அழைக்க கொம்ப்ராராயிஸ் என்றொரு வடிவம் உண்டு. குவாத்தமாலா உட்பட லத்தீன் அமெரிக்க நாடுகளில் அது பேச்சில் இல்லை, 'அவர்கள்' என்பதற்கான வடிவமே 'நீங்கள்' என்பதற்கும் போதும். எர், இர் என்னும் இருவகை வினைகளும் இந்த வடிவத்தில் ஒரே முடிவுகளையே ஏற்கின்றன என்பதால் பட்டியல் இன்னும் சுருங்குகிறது.

இனித் தமிழுக்கு வருவோம். வாங்கினான், விற்றான், ஏறினான். இவற்றின் கடைசி ன் எழுத்தை ல் ஆக்கினால் வாங்கினால், விற்றால், ஏறினால். வந்தான், வந்தால், கண்டான், கண்டால், நின்றான், நின்றால், போனான், போனால், சொன்னான், சொன்னால். தமிழ் வினைகளின் இறந்தகாலம் எத்தனை விதமாகத் திரிகிறது என்பது தமிழ் கற்கும் அயலாருக்குத்தான் தெரியும். ஆனால் இறந்தகால வடிவம் ஒன்று தெரிந்துவிட்டால் 'ஆல்' வடிவம் தானாக வந்துவிடும். ஸ்பானியத்திலும் அப்படியே. ஒழுங்கு தவறிய வினைகள் என்று பாடநூல்கள் பயமுறுத்துபவைகூட இந்த விதிக்குள் அடங்கியவை. தெனெர் என்றால் வைத்திருத்தல், அதன் இறந்தகாலம் துபியெரோன் என்று உருமாறுகிறது, அதிலிருந்து துபியெரா. அசெர் என்றால் செய்தல், இசியெரோன், இசியெரா. செர் என்றால் இருத்தல், இர் என்றால் போதல். இரண்டுக்கும் இறந்தகாலம் ஃபுவெரோன், ஆகவே இரண்டுக்கும் ஃபுவெரா. திரிபு எதுவும் இந்த இடத்தில் புதிதாகப் பிறப்பதில்லை, இறந்தகாலத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. நடக்காத ஒன்றைச் சொல்ல, நடந்துவிட்டதைச் சொல்லும் வடிவத்தையே அடியாக எடுத்துக்கொள்வது இரண்டு மொழிகளுக்கும் பொதுவான வழக்கம். மலையாளத்திலும் வந்நு, வந்நால் என்று இதே ஏற்பாடுதான் என்பதால் உடும்பஞ்சோலைப் பிள்ளைகளுக்கு இது இரட்டைப் பழக்கம்.

இது வெறும் தற்செயல் என்று ஒருவர் சொல்லலாம். உறவில்லாத இரண்டு மொழிகள் இவை, உண்மைதான். ஸ்பானிய 'ரா' வடிவத்துக்கு லத்தீனில் ஒரு வரலாறு இருக்கிறது. அது அங்கே 'வாங்கியிருந்தான்' என்ற பொருளில், முன்பே நடந்து முடிந்ததைச் சொல்லும் சாதாரண வினையாக இருந்தது. பழைய ஸ்பானியத்திலும் அந்தப் பொருள் தொடர்ந்தது; போர்த்துகீசிய எழுத்துநடையில் இன்றும் இருக்கிறது. நூற்றாண்டுகள் போகப்போக ஸ்பானியத்தில் அது நடப்பிலிருந்து விலகி நினைப்பின் பக்கம் சாய்ந்தது. தமிழின் கதை வேறு. பழந்தமிழில் இந்த வேலையைச் செய்தது வரின், பெறின் என்பவை போன்ற 'செயின்' வாய்பாட்டு எச்சம். அதற்கு இறந்தகால அடி இல்லை. இறந்தகால அடியில் நிற்கும் 'ஆல்' வடிவம் பின்னால் ஓங்கியது. ஆக, வெவ்வேறு பாதைகளில் வந்து இரு மொழிகளும் ஒரே இடத்தில் நிற்கின்றன. கற்பவருக்கு வேண்டியது குடும்ப உறவுச் சான்று அல்ல, பயன்படும் ஒப்புமை. இந்த ஒப்புமை ஒரு வடிவத்தோடு நின்றுவிடவில்லை என்பதுதான் அதை வலுவாக்குகிறது. 'ஆல்' இருக்கும் இடத்தில் ஸ்பானியம் 'சி' என்ற சொல்லை முன்னே வைக்கிறது. 'விலை ஏறினாலும்' என்பதற்கு ஆவுங்கெ சுபியெரா எல் பிரெசியோ. 'வாங்கினாற்போல' என்பதற்குக் கொமோ சி கொம்ப்ராரா. இதில் கொமோ என்பது போல, சி என்பது ஆல், இரண்டு மொழியும் அதே இரு துண்டுகளைத்தான் இணைக்கின்றன. 'மழை பெய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்' என்ற ஏக்கத்துக்கு ஓஹலா யொபியெரா. இந்த ஓஹலா, கடவுள் நாடினால் என்னும் அரபுத் தொடரிலிருந்து ஸ்பானியத்துக்கு வந்தது. உடும்பஞ்சோலைக் காயும் அல்தா பெராபாஸ் காயும் போட்டியிடும் முக்கியமான சந்தை அரபு நாடுகள் என்பதை நினைக்கும்போது அந்தச் சொல்லின் மேல் தனிப் பிரியம் வருகிறது.

ஆங்கிலத்திலும் நிபந்தனை வாக்கியத்தில் இறந்தகால வினைதானே வருகிறது, பிறகு தமிழ் எதற்கு என்று கேட்கலாம். வருகிறது, ஆனால் அங்கே நடந்ததைச் சொல்லும் வினைக்கும் நினைப்பைச் சொல்லும் வினைக்கும் உருவத்தில் வேறுபாடு கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. அதனால் ஆங்கில வழியில் கற்பவர், நினைப்புக்கென்று தனி வடிவம் ஒன்று இருப்பதையே புதிய சுமையாக உணர்கிறார். வாங்கினான், வாங்கினால் என்ற வேறுபாட்டோடு வளர்ந்தவருக்கு அந்தச் சுமை இல்லை. இன்னொரு குழப்பம் பெயரால் வருகிறது. இம்பெர்ஃபெக்ட் என்ற பெயரைப் பார்த்ததும், கொம்ப்ராபா என்ற வேறொரு இறந்தகாலத்திலிருந்து (வாங்கிக்கொண்டிருந்தான், வாங்குவது வழக்கம் என்ற பொருளில் வருவது) இந்த வடிவத்தை வருவிக்க மாணவர்கள் முயல்கிறார்கள். வடிவத்தின் அடி அதுவல்ல, கொம்ப்ராரோன்தான். பெயரை மறந்துவிட்டு 'ரா' வடிவம் என்றே அழைப்பது நல்லது.

இதுவரை சொன்னது எளிய பாதி. கனமான மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. 'விலை ஏறினால் விற்போம்' என்பதை நாளைக்கே ஏறக்கூடும் என்று எதிர்பார்ப்பவரும் சொல்லலாம், ஏறவே போவதில்லை என்று கையை விரித்தவரும் சொல்லலாம். தமிழ் இரண்டுக்கும் ஒரே வடிவத்தைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் குரலுக்கும் சூழலுக்கும் விட்டுவிடுகிறது. ஸ்பானியம் விடுவதில்லை. நடக்கக்கூடியது என்றால் சி சுபெ எல் பிரெசியோ, பெந்தெமோஸ் என்று சாதாரண நிகழ்கால வினை வரும். நம்பிக்கை குறைவு, வெறும் கற்பனை, இப்போதைய நிலைமைக்கு மாறானது என்றால்தான் சுபியெரா, பெந்தெரியாமோஸ். ஆகவே 'ஆல்' வரும் இடமெல்லாம் 'ரா' போட்டால், மழை வந்தால் உள்ளே போவோம் என்று சொல்ல நினைத்தவர், மழையே வராது என்ற தொனியில் பேசிவிடுவார். இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் வேறுபாட்டைச் சோதிக்கும் கருவியும் தமிழிலேயே இருக்கிறது. வாக்கியத்தில் 'மட்டும்' சேர்த்துப் பாருங்கள்: 'விலை மட்டும் ஏறினால்' என்பது நீங்கள் நினைத்த பொருளோடு இயல்பாகப் பொருந்தினால் பெரும்பாலும் 'ரா' வடிவம் வேண்டும், பொருந்தாமல் உறுத்தினால் நிகழ்கால வினை போதும். கடந்துபோன வாய்ப்பைப் பற்றிப் பேசும்போது அந்தச் சோதனையும் தேவையில்லை, தமிழே பிரித்துவிடுகிறது: விலை ஏறியிருந்தால் விற்றிருப்போம். ஸ்பானியத்தில் சி உபியெரா சுபிதோ, அப்ரியாமோஸ் பெந்திதோ. 'இருந்தால்' இருக்கும் இடத்தில் உபியெரா, 'ஏறி' என்பதற்குச் சுபிதோ, 'இருப்போம்' என்பதற்கு அப்ரியாமோஸ். முதன்மை வினை ஒன்று, துணைவினை ஒன்று என்று இரண்டு மொழியும் ஒரே மாதிரி பிரித்துக்கொள்கின்றன, வரிசைதான் தலைகீழ்.

விளைவைச் சொல்லும் பகுதியிலும் தமிழ்ப் பழக்கம் ஒத்துவரும். நாம் 'விற்போம்' என்று எதிர்கால வினையைப் போடுகிறோம். ஸ்பானியமும் எதிர்காலத்துக்குப் பயன்படும் அதே அடியை, அதாவது பெந்தெர் என்ற முழுச் சொல்லை எடுத்து, 'இயா' சேர்த்துப் பெந்தெரியாமோஸ் என்கிறது. இந்த 'இயா' வடிவம் 'சி' இருக்கும் பகுதிக்குள் நுழையக் கூடாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஸ்பெயினின் வடபகுதியில், பாஸ்க் நாட்டையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்ந்த மக்கள் பேச்சில் அப்படி நுழைவது உண்டு. பொது வழக்கு அதைப் பிழை என்றே கொள்கிறது. தாய்மொழிக்காரரே வழுக்கும் இடம் என்பதால் கற்பவர் அங்கே சற்று நின்று போகலாம்.

தமிழ் உண்மையிலேயே கைவிடும் இடம் இனிமேல்தான். முதலாளி எங்களை வாங்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'நாங்கள் வாங்க வேண்டும் என்று விரும்புகிறார்', 'நாங்கள் வாங்க வேண்டும் என்று விரும்பினார்'. விருப்பம் இன்றைக்கானாலும் நேற்றைக்கானாலும் 'வாங்க வேண்டும்' அசையாது. 'என்று' என்ற சொல், மனத்தில் எழுந்த வாக்கியத்தை எழுந்தபடியே காப்பாற்றித் தருகிறது. ஸ்பானியத்தில் வெளி வினையின் காலம் உள்ளே இருக்கும் வினையையும் இழுக்கும். விரும்புகிறார் என்றால் கியெரெ கெ கொம்ப்ரெமோஸ். விரும்பினார் என்றால் கெரியா கெ கொம்ப்ராராமோஸ். விலை ஏறும் என்று நம்பவில்லை என்பது நோ கிரெயியா கெ சுபியெரா எல் பிரெசியோ. விலை ஏறும் முன்பே விற்றார்கள் என்பதில் 'ஏறும் முன்' என்பதற்கு அந்தெஸ் தெ கெ சுபியெரா. நம்முடைய 'வாங்க', 'ஏறும் முன்', 'ஏறாமல்' எல்லாம் காலத்தைத் தோளில் சுமக்காத எச்சங்கள். அந்த இடத்தில் ஸ்பானியம் காலமும் ஆளும் காட்டும் முழு வினையைக் கேட்கிறது. தமிழர் ஸ்பானியம் பேசும்போது, கெரியா என்று இறந்தகாலத்தில் தொடங்கிவிட்டு உள்ளே நிகழ்கால வடிவத்தை வைத்துவிடத் தூண்டப்படுவது இதனால்தான். இதற்கு மருந்து ஒரே ஒரு கேள்வி: உள்ளே இருக்கும் செயலை நான் உறுதியாக நடந்ததாகச் சொல்கிறேனா, யாரோ ஒருவரின் ஆசை, ஐயம், கட்டளை, நோக்கம் என்று சொல்கிறேனா? இரண்டாவது என்றால் சப்ஜங்டிவ். வெளி வினை இறந்தகாலம் என்றால் 'ரா' வடிவம். பேசிப் பேசித்தான் இது படியும். தமிழில் இதற்கு ஒப்புமை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஒலியிலும் ஒரு கண்ணி உண்டு, தமிழ்க் காதுக்கென்றே வைத்தது போல. கொம்ப்ராரா என்பதில் நடு அசையை அழுத்திச் சொன்னால் 'வாங்கினால்' என்ற நம் வடிவம். கடைசி அசையை அழுத்தினால் 'அவர் வாங்குவார்' என்ற எதிர்காலம். கொம்ப்ராரான் என்பதற்கும் இதே கதி. எழுத்தில் எதிர்காலத்தின் தலையில் சாய்ந்த கோடு ஒன்று இருக்கும். பேச்சில் அழுத்தம் மட்டுமே அடையாளம். தமிழில் குறில் நெடில் மாறினால் பொருள் மாறும், அழுத்தம் மாறினால் மாறாது. அதனால் நாம் அழுத்தத்தைக் கேட்கவே பழகவில்லை. விதியை ஒப்பிப்பதற்கு முன் இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிக் காதைப் பழக்க வேண்டும். நாம் என்பதற்கான கொம்ப்ராராமோஸில் அழுத்தம் 'ப்ரா'வின் மேலேயே நிற்கும், பின்னால் நகராது. கொம்ப்ராசெ, பெந்தியெசெ என்று 'செ'யில் முடியும் இணை வடிவம் ஒன்றும் உண்டு. ஸ்பெயினிலும் எழுத்துநடையிலும் தென்படும். படித்தால் புரிந்தால் போதும், பேச 'ரா' எல்லா நாட்டிலும் செல்லும். மரியாதைக்கும் 'ரா' உதவும்: வேண்டும் என்பதை வெட்டென்று சொல்லாமல் கிசியெரா என்று தொடங்குவது, நாம் 'கொஞ்சம் கொடுத்தால் நன்றாக இருக்கும்' என்று கேட்பதற்கு ஈடான பணிவு.

ஒரு மொழியை மூன்றாவது மொழியின் இலக்கணத்தால் அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே சான்று உண்டு. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய போர்த்துகீசிய இயேசு சபைத் துறவி ஹென்றிக்கே ஹென்றிக்கஸ், 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறக் காரணமானவர், 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் தமிழுக்கு ஓர் இலக்கணக் கையேடு எழுதினார். தமிழ் வினைகளை அவர் லத்தீன் இலக்கணத்தின் வகைகளுக்குள் வைத்தே விளக்கினார். அவருக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான். ஐரோப்பியர் தமிழ் கற்க அந்தக் கையேடு உதவியது, மறுக்க முடியாது. ஆனால் எச்சங்களால் இயங்கும் மொழி அந்த அளவுகோலில் முழுதாக அடங்கவில்லை. இன்று ஸ்பானியத்தை நோக்கிப் போகும் தமிழர் அதே நிலையில்தான் இருக்கிறார், அளவுகோல் மட்டும் ஆங்கிலமாகிவிட்டது. கார்சியா மார்க்கெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்'கூடத் தமிழுக்கு ஆங்கிலத்தின் வழியாகத்தான் வந்தது. ஆங்கிலம் தெரிந்தவர்கள்தானே ஸ்பானியம் படிக்கிறார்கள், இதில் என்ன நட்டம் என்பார்கள். நட்டம் இரண்டு. ஆங்கிலம் தடுமாறும் கிராமத்துப் பிள்ளைக்கு, இடுக்கி மலையில் தமிழ் வழியில் படித்தவருக்கு, இந்தக் கதவு திறப்பதே இல்லை. ஆங்கிலம் நன்கு தெரிந்தவரோ தன் தாய்மொழி தரும் குறுக்கு வழியைக் காணாமலே சுற்றிப் போகிறார்.

ஸ்பானியம் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர்கள் தமிழ் வழி இலக்கணக் கையேடு ஒன்றை எழுத முன்வர வேண்டும். 'ஆல்', 'ஆலும்', 'ஆற்போல' மூன்றையும் அதில் முதல் அத்தியாயங்களிலேயே வைக்கலாம். அது வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று கற்கத் தொடங்குபவர்களுக்குச் சொல்வேன். உங்கள் தொழிலில் அடிக்கடி வரும் இருபது வினைகளை எடுத்து, அவற்றின் இறந்தகாலப் படர்க்கைப் பன்மையை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் 'ரோன்' நீக்கி 'ரா' போட்டு, 'மட்டும்' சேர்த்த ஒரு தமிழ் வாக்கியத்தோடு இணைத்துச் சொல்லிப் பாருங்கள். முதலில் கொம்ப்ராரோன், பெந்தியெரோன், சுபியெரோன்.